உண்ணாத உணவு யாருக்கு உரியது?

தமிழகக் கத்தோலிக்கரின் பழைய செபநூல்களிலும் ஞானோபதேசங்களிலும் இரண்டு சொற்கள் இணைபிரியாமல் வரும். ஒன்று ஒருசந்தி, மற்றொன்று சுத்தபோசனம். நாளில் ஒரு வேளை மட்டும் நிறைவாக உண்பது ஒருசந்தி. இறைச்சியை விலக்கி உண்பது சுத்தபோசனம். இன்று தபசுகாலம் தவக்காலமாகவும் ஒருசந்தி நோன்பாகவும் மாறிவிட்டன. மொழி தெளிவு பெற்றதில் நமக்கு மகிழ்ச்சியே. ஆயினும் ஒருசந்தி என்னும் சொல்லை நழுவவிட்டதில் சிறிது வருத்தமும் உண்டு. நோன்பு என்றால் உள்ளத்து உறுதியையும் குறிக்கலாம், பொதுவான ஒழுக்கத்தையும் குறிக்கலாம். ஒருசந்தி என்னும்போதோ அங்கே ஒரு கணக்கு வந்துவிடுகிறது. ஒரு வேளை உண்டாயிற்று. மற்ற வேளைகளின் சோறு எங்கே போயிற்று என்று கேட்கத் தோன்றுகிறது.

இக்கேள்வியை வேடிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தவக்காலத்தின் பொருள் முழுவதும் இதற்குள் அடங்கிவிட்டது என்று சொல்ல நமக்குத் துணிவில்லை. ஆனால் இதைக் கேளாமல் கடைப்பிடிக்கப்படும் தவக்காலம் பாதி வழியில் நின்றுவிடுகிறது என்று கூறுவோம்.

தவக்காலம் ஒரே நாளில் வகுத்துத் தரப்பட்ட சட்டம் அன்று. இரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் லியோன் நகர் ஆயர் புனித இரனேயு திருத்தந்தை விக்டருக்கு எழுதிய மடலில், பாஸ்காவுக்கு முன் சிலர் ஒரு நாளும், சிலர் இரு நாளும், சிலர் அதற்கு மேலும், சிலர் நாற்பது மணி நேரமும் நோன்பிருக்கின்றனர் என்று குறிக்கிறார். யூசேபியு தம் திருச்சபை வரலாற்றில் அதைப் பாதுகாத்துத் தந்திருக்கிறார். இத்தகைய வேறுபாடுகள் சபையின் அமைதியைக் குலைத்துவிடக் கூடாது என்பதே அம்மடலின் நோக்கம். 325ஆம் ஆண்டு கூடிய நீசேயா சங்கம் தன் ஐந்தாம் சட்டத்தில் நாற்பது நாள் காலத்தை எல்லாரும் அறிந்த ஒன்றாகப் போகிறபோக்கில் சுட்டுகிறது. திருமுழுக்குக்கு ஆயத்தம் செய்வோர்க்கு அது பயிற்சிக்காலம். பெரும்பாவத்தில் விழுந்தோர்க்கு ஒப்புரவின் காலம். ஞாயிறுகளில் நோன்பில்லை. எனவே ஆறு வாரத்தில் ஆறாறு நாளாக மொத்தம் 36 நாள். ஆண்டின் நாள்களில் பத்தில் ஒரு பங்கை இறைவனுக்குச் செலுத்துகிறோம் என்று புனித பெரிய கிரகோரி இதற்கு அழகிய விளக்கம் தந்தார். நாற்பது நிறைய வேண்டும் என்று பின்னர் நான்கு நாள்களை முன்னே சேர்த்தபோது புதன்கிழமைத் தொடக்கம் வந்தது. சாம்பல் பூசுவதை இறைமக்கள் அனைவர்க்கும் உரிய வழக்கமாக்கியது 1091ஆம் ஆண்டின் பெனவெந்தோ சங்கம். நம் அண்டையில் வாழும் சீரோ மலபார் சபையினர்க்கு நோன்பு திங்களன்றே தொடங்கிவிடுகிறது. அவர்கள் அதை ஐம்பது நோன்பு என்றே அழைக்கின்றனர். எந்த எண்ணிக்கை சரி என்று வழக்காடுவோர்க்கு இரனேயுவின் மடலே போதுமான விடை.

எண்ணிக்கை மாறிக்கொண்டே வந்தது. மாறாமல் வந்தது வேறொன்று. இரண்டாம் நூற்றாண்டில் உரோமையில் எழுந்த "ஏர்மாவின் மேய்ப்பர்" என்னும் நூல், மளிகைக் கணக்கு எழுதச் சொல்லிக்கொடுப்பதுபோல நோன்பு முறையைச் சொல்லிக்கொடுக்கிறது. நோன்பு நாளில் அப்பமும் நீரும் மட்டும் கொள்ள வேண்டும். அன்று வழக்கமாக உண்டிருக்கக்கூடிய உணவுக்கு என்ன விலையாகும் என்று கணக்கிட வேண்டும். அத்தொகையைக் கைம்பெண்ணுக்கோ அனாதைக்கோ இல்லாதவர்க்கோ கொடுத்துவிட வேண்டும். இதில் மறைபொருள் ஏதுமில்லை. உயர்ந்த இறையியல் சொற்களும் இல்லை. வயிற்றில் குறைந்தது இன்னொரு வயிற்றில் ஏற வேண்டும், அவ்வளவே.

440 முதல் 461 வரை திருச்சபையை வழிநடத்திய புனித பெரிய லியோ தம் தவக்கால மறையுரைகளில் இதையே திரும்பத் திரும்பக் கூறினார். நாம் உண்ணாது விடுவது ஏழையரின் உணவாக வேண்டும் என்பது அவருடைய நிலையான கருத்து. அதே நூற்றாண்டில் இரவென்னா நகரின் ஆயர் புனித பேதுரு கிறிசோலோகு, செபம், நோன்பு, இரக்கம் ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று உயிர் கொடுப்பவை, மூன்றில் ஒன்றை மட்டும் வைத்திருப்பவனிடம் ஒன்றுமே இல்லை என்றார். புனித அகுஸ்தீனுக்கோ நடைமுறையில் ஒரு மனக்குறை இருந்தது. தவக்காலத்தில் இறைச்சியையும் திராட்சை மதுவையும் விலக்கிவிட்டு, அவற்றுக்கு ஈடாக அரிய பண்டங்களையும் வேறு பழங்களின் இனிய சாறுகளையும் தேடி அலைகின்ற ஆப்பிரிக்கத் திருச்சபையினரை அவர் கடுமையாகக் கண்டித்தார். அத்தகையோர்க்கு நோன்பு நாள்களில் செலவு கூடியதே தவிரக் குறையவில்லை. இலையிலிருந்து ஒன்றை எடுத்து அதைவிட உயர்ந்த ஒன்றை வைத்துக்கொள்வது எப்படி நோன்பாகும் என்று அவர் கேட்டது பதினாறு நூற்றாண்டுகளுக்கு முன்பு. நம் பங்குகளில் இன்றும் அக்கேள்விக்கு வேலை இருக்கிறது.

இப்போது நாம் எடுத்துக்கொண்ட வினாவுக்கு வருவோம். நோன்பினால் மிஞ்சிய உணவு யாருக்கு உரியது? நோன்பிருப்பவருக்கே உரியது என்றால், அதைப் பிறர்க்குக் கொடுப்பது அவருடைய பெருந்தன்மை. கொடாமல் விட்டாலும் நோன்புக்குப் பழுதில்லை. ஏழைக்கு உரியது என்றால், கொடுப்பது கடனைத் திருப்பிச் செலுத்துவதாகும். கொடாதிருப்பதற்கு வேறு பெயர் வைக்க வேண்டியிருக்கும். நான்காம் நூற்றாண்டில் செசரியாவில் பஞ்சம் வந்தபோது களஞ்சியங்களைப் பூட்டி வைத்திருந்தோரிடம் புனித பசிலியார் இந்த இரண்டாம் நிலையைத்தான் எடுத்துரைத்தார். புனித தாமஸ் அக்குவினா அதை அமைதியான மொழியில், தம் இறையியல் தொகுப்பில், ஒருவரிடம் மிகையாக உள்ள பொருள் இயற்கைச் சட்டத்தின்படி ஏழையரின் வாழ்வாதாரத்துக்குக் கடமைப்பட்டது என்று நிறுவினார்.

ஆயினும் அக்குவினாவின் கருத்து மிகையாக உள்ளதைப் பற்றியது. அன்றாடக் கூலியில் வாங்கிய அரிசி மிகை அன்று; அது தேவை. நோன்பு செய்யும் விந்தை இங்கேதான் இருக்கிறது. இன்றைக்கு இது எனக்கு வேண்டாம் என்று ஒருவர் மனமறிந்து சொன்ன அந்தக் கணத்தில், தேவையாக இருந்தது மிகையாகிவிடுகிறது. பிறகு அதைப் பானையில் மூடி வைத்து மறுநாள் உண்பாரானால், வேண்டாம் என்று சொன்ன சொல்லை அவரே திரும்பப் பெற்றுக்கொள்கிறார். அவர் நோன்பிருக்கவில்லை, உணவு நேரத்தை ஒத்திவைத்தார்.

அப்படியானால் நோன்பு எதற்கு, வயிறார உண்டுவிட்டுக் கையாரக் கொடுத்தால் போதாதா என்று ஒருவர் கேட்கலாம். வசதியுள்ளவர் பலர் அவ்வாறே செய்கின்றனர். அவர்கள் கொடுப்பது குறைவும் இல்லை. வள்ளுவரும் பசியைப் பொறுத்துக்கொள்வோரின் ஆற்றலை, அப்பசியைத் தீர்ப்போரின் ஆற்றலுக்கு அடுத்த இடத்தில்தான் வைத்தார். இவ்வாதத்தை நாம் எளிதில் தள்ள முடியாது. நம் விடை இது: உண்டு கொடுப்பவர் தம் கையால் கொடுக்கிறார், உண்ணாமல் கொடுப்பவர் தம் உடலால் கொடுக்கிறார். முன்னவர்க்கு ஏழை தம் வாயிலுக்கு வெளியே நிற்பவர். பின்னவரோ ஒரு வேளையேனும் அவருடைய இடத்துக்கு அருகே சென்று வந்தவர். அருகே என்றுதான் சொல்கிறோம். நோன்பிருந்ததால் ஏழையின் பசியை அறிந்துகொண்டோம் என்று மறையுரைகளில் சொல்லப்படுவதை நாம் ஏற்பதில்லை. மாலையில் உணவு உண்டு என்று தெரிந்தவனின் பசி ஒன்று. நாளைக்கும் உண்டா என்று தெரியாதவனின் பசி வேறொன்று. வயிறு இரண்டையும் ஒன்றுபோல் உணரலாம், மனம் உணராது.

பிற்காலத்தில் கவனம் எங்கே திரும்பியது என்பதைப் பார்த்தால் சற்று வருத்தமாகவே இருக்கிறது. மாலை வரை ஒன்றும் உண்ணாதிருந்த பழைய நோன்பில் உணவு நேரம் படிப்படியாக நண்பகலுக்கு நகர்ந்தது. இரவில் பசிக்குமே என்று ஒரு சிற்றுணவு அனுமதிக்கப்பட்டது. துறவு மடங்களில் மாலை வேளையில் கசியானின் "உரையாடல்கள்" நூலை வாசிப்பது வழக்கம். அதை ஒட்டிச் சிறிது பருகினர். நூலின் இலத்தீன் பெயரே அச்சிற்றுணவின் பெயராயிற்று. குருமட நூலகங்களில் பழைய ஒழுக்கவியல் கையேடுகளைப் புரட்டியவர்கள் நினைவுகூர்வர்: அச்சிற்றுணவு எட்டு அவுன்சு இருக்கலாம் என்று நூலாசிரியர்கள் எடை வகுத்திருந்தனர். இலைக்கு வந்ததை எடைபோட்ட அந்த அறிஞர்கள், இலைக்கு வராததை எடைபோட மறந்துவிட்டார்கள். பிரான்சில் ரூவான் பேராலயத்தின் ஒரு கோபுரத்துக்கு வெண்ணெய்க் கோபுரம் என்று பெயர். தவக்காலத்தில் வெண்ணெய் உண்ண அனுமதி பெற்றவர்கள் செலுத்திய காணிக்கையில் எழுந்தது என்பதால் வந்த பெயர் அது. கோபுரம் மிக அழகியது என்பதை மறுப்பதற்கில்லை.

சுத்தபோசனத்துக்கும் இதுவே நேர்ந்தது. திருச்சபைச் சட்டம் விலக்குவது நிலத்தில் வாழும் விலங்குகள், பறவைகளின் இறைச்சியை, மீனை அன்று. ஐரோப்பியர்க்கு இறைச்சி விருந்து, மீன் எளியவர் உணவு என்னும் நிலையில் இது பொருத்தமாக இருந்திருக்கலாம். தமிழிலோ புலால் என்றாலே முதலில் மூக்குக்கு எட்டுவது மீன் நாற்றம். நெய்தல் நிலத்தைப் பாடிய சங்கப் புலவர்கள் அச்சொல்லை அப்படித்தான் கையாண்டனர். நம் மக்களில் பெரும்பாலோர் சட்டம் கேளாததையும் தாமாகவே மேற்கொண்டு, நாற்பது நாளும் மீனையும் முட்டையையும்கூடத் தொடாதிருக்கின்றனர். அவர்களை வணங்கத் தோன்றுகிறது. மறுபுறம், வஞ்சிரத்தின் விலை ஆட்டிறைச்சியின் விலையை எட்டிப்பிடிக்கும் ஊர்களில், வெள்ளிக்கிழமை வஞ்சிர வறுவலோடு சுத்தபோசனம் காத்தேன் என்பவரைச் சட்டம் ஒன்றும் செய்ய முடியாது. அகுஸ்தீன் இருந்தால் ஏதேனும் சொல்லியிருப்பார்.

கடற்கரைப் பங்குகளில் இன்னொரு நோன்பும் உண்டு. கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லக்கூடாது. மீன்வளம் பெருக வேண்டும் என்பதற்காக அரசு விதித்த தடை. 2022இல் அத்தடை தொடங்கிய நாளே பெரிய வெள்ளியாகவும் அமைந்தது. படகு கரையேறிய வீட்டில் உயிர்ப்புப் பெருவிழாவுக்குப் பின்னும் இரண்டு மாதம் தவக்காலம்தான். அந்த வீட்டாரிடம் நோன்பைப் பற்றி என்ன சொல்வது?

இங்கேதான் பங்குப் பணியில் இருப்போர்க்கு உண்மையான நெருக்கடி. இல்லாதவரிடம் உண்ணாதிருக்கச் சொல்லலாமா? திருத்தந்தை ஆறாம் பவுல் 1966ஆம் ஆண்டு பிப்ரவரி 17ஆம் நாள் நோன்புச் சட்டங்களைத் திருத்தி வெளியிட்ட திருத்தூது ஆணையில் இதை எதிர்கொண்டார். செல்வம் மிகுந்த நாடுகளில் கிறிஸ்தவர்கள் தன்னொறுத்தலால் சான்று பகர வேண்டும். வறுமை நிலவும் நாடுகளிலோ, சமூக நீதிக்காக எல்லா வகையிலும் உழைத்துக்கொண்டே, தங்கள் துன்பத்தைக் கிறிஸ்துவின் சிலுவையோடு இணைத்துச் செபத்தில் ஒப்புக்கொடுக்கட்டும் என்றார். நீதிக்காக உழைப்பதை அவர் விட்டுவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அதை விட்டுவிட்டுத் துன்பத்தை ஒப்புக்கொடுங்கள் என்று மட்டும் போதித்தால், அது பசித்தவனின் பசிக்குப் புண்ணியம் என்று பெயரிட்டுவிட்டு நகர்ந்துவிடுவதாகும். 1983இன் சட்டத் தொகுப்பு 14 வயது நிறைந்தோர்க்குப் புலால் தவிர்த்தலையும், 18 வயது நிறைந்தோர் முதல் 59 வயது நிறையும் வரை உள்ளோர்க்கு நோன்பையும் கடமையாக்குகிறது. சட்டத்துக்கு வயது தெரிகிறது, குடும்பம் தெரியாது.

குடும்பத்தைப் பாருங்கள். நம் பங்குகளில் நோன்பிருப்போர் பெரும்பாலும் பெண்களே. அவர்களே எந்நாளும் கடைசியில் உண்பவர்கள். கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் பரிமாறிவிட்டுச் சட்டியில் ஒட்டியதைத் தமக்கு வைத்துக்கொள்பவர்கள். 2019-21இல் நாடு முழுவதும் நடந்த குடும்ப நலக் கணக்கெடுப்பு, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இரத்தசோகை உடையவர்கள் என்று காட்டுகிறது. விலையில்லா அரிசியும் பள்ளிச் சத்துணவும் உள்ள மாநிலத்தில் இந்நிலை. அந்தப் பெண் தவக்காலத்தில் ஒருசந்தி பிடிப்பதனால் யாருடைய இலையில் சோறு கூடுகிறது? பல வீடுகளில் கணவனுடைய இலையில் கூடுகிறது. ஆண்களிடம் நோன்பைப் பற்றியும் பெண்களிடம் உணவைப் பற்றியும் பேச வேண்டிய காலம் வந்துவிட்டது என்று நாம் கருதுகிறோம். நாற்பது நாள் குடிக்காதிருக்கும் ஆண்கள் உண்டு. அந்நாள்களில் அவ்வீட்டுப் பிள்ளைகள் அச்சமின்றி உறங்குகின்றனர். மிச்சமான பணம் மனைவியின் கைக்கு வந்தால் அதுவே ஏர்மாவின் கணக்கு. உயிர்ப்பு ஞாயிறன்று மாலையில் மொத்தமாகச் செலவழிக்கவென்று சேர்த்து வைத்தால் அது வேறு கணக்கு.

எனினும் ஏழைகளுக்கு நோன்பு வேண்டாம் என்று தீர்ப்பெழுதிவிடவும் முடியவில்லை. அவர்களே அதை ஒப்புவதில்லை. உனக்குக் கடமையில்லை என்று சொல்லிப் பாருங்கள். கோயில் வரிசையிலிருந்து விலகி நில் என்று சொன்னதுபோல் முகம் வாடிவிடும். பெற்றுக்கொள்பவர் என்ற ஓரிடத்தில் மட்டும் நிறுத்தி வைக்கப்பட்டவர்க்கு, நானும் ஒன்றை விட்டுக்கொடுக்க வல்லவன் என்று காட்டும் நாள் நோன்பு நாள். ஆண்டவர் காணிக்கைப் பெட்டிக்கு எதிரே அமர்ந்திருந்தபோது, ஏழைக் கைம்பெண் போட்ட இரண்டு காசுகளைப் போடாதே என்று தடுக்கவில்லை. அவர் சினந்தது கைம்பெண்களின் வீடுகளை விழுங்குவோர் மீது. இரண்டும் மாற்கு நற்செய்தியில் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒன்றை வாசித்துவிட்டு மற்றதை விடுவது நியாயம் அன்று.

பிடியரிசி எடுத்து வைக்கும் வழக்கத்தை நம் பாட்டிமார் அறிவர். உலை வைக்கும்போதெல்லாம் அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியைத் தனிக் கலயத்தில் இடுவார்கள். யாரும் பட்டினி கிடப்பதில்லை. எல்லாருடைய இலையிலும் ஒரு கவளம் குறையும். ஒருத்தியின் வயிற்றில் மட்டும் விழாமல் வீடு முழுவதும் பங்கிட்டுக்கொள்ளும் நோன்பு அது. கலயம் நிறைந்ததும் கோயிலுக்கோ இல்லாத வீட்டுக்கோ போய்விடும். ஏழை வீடுகளுக்கு ஏற்ற தவக்கால முறை எது என்று நம்மைக் கேட்டால், மறையியல் நூல்களைத் தேடாமல் இதைத்தான் சுட்டுவோம்.

இக்காலத்தில் மறையுரைகளில் வேறொரு போக்கு தலைகாட்டுகிறது. உணவில் என்ன இருக்கிறது, கோபத்தை விடுங்கள், கைப்பேசியை விடுங்கள், தொலைக்காட்சித் தொடரை விடுங்கள் என்கின்றனர். நல்ல அறிவுரைதான். ஆயினும் கோபத்தை விடுவதற்கு நாற்பது நாள் வேண்டாம். அது எந்நாளும் உள்ள கட்டளை. கைப்பேசியை அணைத்து வைத்ததனால் அடுத்த வீட்டில் உலை கொதிக்கப்போவதும் இல்லை. இறைவாக்கினர் எசாயா தம் நூலின் 58ஆம் அதிகாரத்தில் நோன்பை உள்ளத்துக்குள் ஒடுக்கிவிடவில்லை. நுகத்தை உடைப்பதையும், பசித்தவரோடு உணவைப் பகிர்வதையும், வீடற்றவரை இல்லத்துக்கு அழைத்து வருவதையும் நோன்பு என்றார். நோன்பு நாளிலும் கூலியாள்களை ஒடுக்கிக்கொண்டிருந்தோரைப் பார்த்து அவர் பேசியது அது. தவக்காலத்தில் செங்கற்சூளையிலும் கட்டட வேலையிலும் கூலி நிலுவை வைத்துவிட்டு வெள்ளிதோறும் சிலுவைப்பாதையில் முன்னே நிற்பவர்க்கு, கைப்பேசி நோன்பு எவ்வளவு வசதியானது!

இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1963இல் வெளியிட்ட திருவழிபாட்டு ஏட்டில், தவக்காலத் தவம் உள்ளத்தில் மட்டும் நிகழ்வதாகவும் தனியொருவர்க்கு உரியதாகவும் நின்றுவிடாமல், வெளிப்படையானதாகவும் சமூகத் தன்மை உடையதாகவும் இருக்க வேண்டும் என்று பணித்தது. போரின் அழிவிலிருந்து எழுந்த செருமானியத் திருச்சபை 1958இல் மிசெரேயோர் என்னும் தவக்கால நிதியைத் தொடங்கியபோது, கூட்டத்தைக் கண்டு மனமிரங்கிய ஆண்டவரின் சொல்லையே அதற்குப் பெயராக வைத்தது. நம் நாட்டிலும் காரித்தாஸ் இந்தியா தவக்காலத்தில் நிதி திரட்டுகிறது. பங்குதோறும் உறைகளும் உண்டியல்களும் வருகின்றன. ஒரு குறை மட்டும் சொல்வோம். உறையில் இடும் தொகை பெரும்பாலும் உண்ணாத உணவின் விலையாக இருப்பதில்லை. கடைசி ஞாயிறன்று சட்டைப்பையைத் தடவி எடுத்துப் போடும் பணமாக இருக்கிறது. வேளாவேளைக்குப் போட்டால் தொகை சிறிதாகவே இருக்கலாம். ஆனால் எது எங்கிருந்து குறைந்து எங்கே சேர்ந்தது என்று வீட்டுக் குழந்தைக்கும் தெரியும்.

கொரிந்தில் ஆண்டவரின் திருவிருந்துக்குக் கூடியவர்களில் ஒருவர் பசியாயிருக்க, மற்றவர் குடிமயக்கத்தில் இருந்ததைக் கேள்வியுற்றுத் திருத்தூதர் பவுல் கொதித்தெழுந்தார். இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்கள் என்பதே அவர் சுமத்திய குற்றம். கொடுப்பதிலும் அக்குற்றம் நேரலாம். பெரிய வெள்ளியன்று வழிபாடு முடிந்ததும் பல பங்குகளில் கஞ்சி ஊற்றுகிறார்கள். சில இடங்களில் அது ஏழைகளுக்கு என்று அறிவிக்கப்பட்டு, கொடுத்தவர்கள் ஒருபுறம் நிற்க, வாங்குபவர்கள் வரிசையில் வருகின்றனர். வேறு சில இடங்களில் நோன்பிருந்த எல்லாருக்கும் அன்றைய ஒரே உணவாக அதுவே அமைகிறது. ஆசிரியரும் அரிசி வியாபாரியும் சித்தாள் வேலைக்குச் செல்பவரும் கோயில் முற்றத்தில் ஒரே பந்தியில் அமர்கின்றனர். தவக்காலம் முழுவதும் சேர்ந்த பிடியரிசி அந்த அண்டாவில் வெந்துகொண்டிருக்கிறது; யாருடைய பிடி யாருடைய கிண்ணத்தில் விழுந்தது என்று பிரித்தறிய வழியில்லை. சிலர் தூக்குப் பாத்திரத்தோடு மறுபடி வருவதுண்டு. வீட்டில் முடியாதவர்கள் இருக்கலாம், நாளைக்கென்று எடுத்து வைப்பதாகவும் இருக்கலாம். அகப்பை பிடிக்கும் இளைஞர்களிடம் அதைப் பற்றி எதுவும் கேட்க வேண்டாம், தூக்கு நிறைய ஊற்றிவிடுங்கள் என்று சொல்லி வைத்திருக்கிறோம்.